நிற்கும்போது கூப்பிடுங்கள்

நான் நீலகிரியில் காய்கறித் தோட்டம் வைத்துப் பிழைத்த காலத்தில் எங்களிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. 1951-ஆம் வருஷம் கப்பலேறி வந்து, இரண்டு எஜமானர்களிடம் உழைத்து, 1964-ல் மூன்றாவதாக என் கைக்கு வந்து சேர்ந்த அந்த வண்டியைச் செய்த கம்பெனியின் பெயரை இங்கே நான் குறிப்பிடப் போவதில்லை. பதினாறு வருஷம் உழைத்துக் களைத்த ஒரு யந்திரத்துக்கு வந்த வியாதிக்கு அதைப் பெற்றவர்களைப் பொறுப்பாளிகளாக்குவது, தொண்டு கிழவரின் இருமலுக்கு அவருடைய தாயாரைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும். முன்னே இரண்டு பேர், நெருக்கினால் மூன்று பேர், உட்காரக்கூடிய ஓர் அறை; பின்னே பலகை அடித்த திறந்த தொட்டி; நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்; 6 வோல்ட் பாட்டரி; டிரைவரின் ஆசனத்துக்கு அடியிலே பெட்ரோல் டாங்கு. இவ்வளவுதான் அந்த வண்டி.

வாரத்தில் இரண்டு நாள் காரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு இவற்றை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், திரும்புகாலில் பிண்ணாக்கோ உரமோ அரிசியோ ஏற்றிக்கொண்டு மலையேறுவதும் அதன் தொழில். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 அடி. குன்னூர் சுமார் 6,000 அடி. இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகள் ஒவ்வொன்றையும் நான் அறிவேன். ஆனால் மற்றவர்கள் அறிவது போலத் தேயிலைச் சரிவையும் பள்ளத்தாக்கையும் கொண்டு அல்ல, எந்த வளைவில் சக்கரத்துக்கு வைக்கக் கல் கிடைக்கும், எந்த வளைவில் கிடைக்காது என்பதைக் கொண்டுதான் அறிவேன். ஏனென்றால் 1967-ஆம் வருஷம் முழுவதும் எங்கள் வண்டி அந்தப் பாதையில் நின்று நின்றுதான் போயிற்று.

அதற்கு இரண்டு வியாதிகள் இருந்தன என்பது பிற்பாடு தெரிந்தது. அப்பொழுது எங்களுக்கு ஒரே வியாதியாகத்தான் தோன்றிற்று. சில நாள் காலையில் கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் சில நாள் நடுவழியில் நின்றுவிடும். நின்ற பிறகு சில சமயம் உடனே கிளம்பும், சில சமயம் எத்தனை கெஞ்சினாலும் கிளம்பாது. நாள்தோறும் ஒரே மாதிரி நிற்கிற வண்டியைச் சரி செய்வதில் எந்தப் பட்டறைக்காரனுக்கும் சிரமமில்லை. நின்றும் நில்லாமலும், நின்றதற்கு ஒரு காரணமும் காட்டாமலும், நாலு நாள் சமர்த்தாக ஓடி நம்மை நம்பவைத்து ஐந்தாம் நாள் மழையில் நிறுத்துகிறதே, அந்த விஷமத்துக்குத்தான் மருந்து காண்பது அரிது.

முதல் வியாதியைக் கண்டுபிடித்தவன் நானே. அதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லுவதற்கு வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் நான் பெற்ற வெற்றி அது ஒன்றுதான். ஸ்டார்ட்டரை எங்கள் பக்கத்தில் 'செல்ப்' என்பார்கள். அந்தச் செல்ப் சில நாள் எஞ்சினை உற்சாகமாகச் சுற்றும்; சில நாள் ஒரு முனகல் முனகிவிட்டு ஓய்ந்துவிடும். பாட்டரி போய்விட்டது என்று எல்லாரும் சொன்னதன்பேரில் புதுப் பாட்டரி வாங்கினோம். பாட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். குணம் ஒரு வாரம் நின்றது. பிறகு பழைய கதைதான். கடைசியில் எஞ்சினுக்கு முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றிக் கிளப்புவதே நித்திய கர்மம் ஆயிற்று. டிரைவருக்குத் தோள்வலி, எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கம்.

ஒரு நாள் காலை, டிரைவர் செல்பை அழுத்திக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சோக்கின் குமிழைப் பிடித்து இழுத்தேன். குமிழ் சுட்டது. டிசம்பர் மாதக் குளிரில், ராத்திரி முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டியில், எஞ்சின் ஒரு முறைகூட வெடிக்காதிருக்கையில், சோக் கம்பி ஏன் சுட வேண்டும்? கார்புரேட்டர் வரைக்கும் அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். நெடுகச் சூடு, ஓரிடத்தில் மேல் உறை கருகிய நாற்றம்.

பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிக சாஸ்திரம் ஒரு மனுஷனுக்கு ஆயுளில் ஒரு தடவையாவது பயன்பட வேண்டும் என்று விதி இருந்தால், எனக்கு அது பயன்பட்ட நாள் அதுதான். எஞ்சின் ரப்பர்க் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது; ரப்பரின் வழியே மின்சாரம் பாயாது. ஆகையால் ஸ்டார்ட்டருக்குள் போன மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பி வருவதற்கு, எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. 'எர்த்து' என்று மெக்கானிக்குகள் சொல்லுவது அதைத்தான். அந்தப் பாதை அடைபட்டபோது மின்சாரம் வேறு வழி தேடியிருக்கிறது. எஞ்சினிலிருந்து டாஷ்போர்டு வரைக்கும் வரும் ஒரே இரும்பு வழியாகிய சோக் கம்பியைக் கண்டு, அந்த மெல்லிய கம்பிக்குள்ளே தன்னைத் திணித்துக்கொண்டு வந்திருக்கிறது. பட்டையைப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியவில்லை. போல்ட்டைக் கழற்றின பிறகுதான், பட்டையின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவிலே பச்சைக் களிம்பும் துருவும் ஒரு தாள் கனத்துக்குப் படிந்திருந்தது தெரிந்தது. ஸ்டார்ட்டர் இழுப்பது 200 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 6 வோல்ட் வண்டியில் 2 வோல்ட் என்பது மூன்றில் ஒரு பங்கு சொத்து அல்லவா? சுரண்டி, தேய்த்து, புதுப் பட்டை போட்டு முடுக்கினோம். அன்றிலிருந்து செல்ப் ஒரு நாளும் எங்களைக் கைவிடவில்லை.

இந்த வெற்றி எனக்கு அளித்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வண்டி சாஸ்திரமே கைவசமாகிவிட்டது போன்ற ஒரு பிரமை. அந்தப் பிரமையோடு அடுத்த சனிக்கிழமை மலையேறும்போது, பர்லியாரைத் தாண்டி இரண்டாவது வளைவில், எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது.

இப்போது செல்ப் பிரமாதமாகச் சுற்றிற்று. சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. சின்னப் பையன் ஒருவன், எங்கள் கிளீனர், வண்டி நின்ற மறுகணமே குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, இனி நடக்க வேண்டியதை நடத்துங்கள் என்கிற பாவனையில் மதகுச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டான். டிரைவர் பானெட்டைத் திறந்து மோந்து பார்த்தார். "ஏர் பிடிச்சுக்கிச்சுங்கய்யா" என்றார்.

இந்தக் காற்றடைப்புச் சித்தாந்தம் அந்த மலைப்பாதையில் சர்வ சம்மதமானது. அதில் நியாயமும் உண்டு. பெட்ரோலின் லேசான அம்சங்கள் 40 டிகிரி சென்டிகிரேட் அளவிலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. குன்னூரில் கடற்கரையில் உள்ளதில் சுமார் 80 சதவிகிதம்தான். அழுத்தம் குறையக் குறையக் கொதிப்பும் சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவது கியரில், பாரத்தோடு, மெதுவாக ஏறும் வண்டிக்குள் காற்றோட்டமும் போதாது. ஆகவே எஞ்சினின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் பெட்ரோல் பம்புக்குள் பெட்ரோலுக்குப் பதிலாக ஆவி நிறைந்துவிடும். ஆவியை எவ்வளவு இழுத்தாலும் கார்புரேட்டருக்குத் தாகம் தீராது. இதற்கு ஊரறிந்த நிவாரணம், சாக்கை நனைத்துப் பம்பின்மேல் போடுவது. நாங்களும் போட்டோம். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பிற்று.

அன்று முதல் ஒரு குடமும் ஒரு சாக்கும் வண்டியின் அங்கங்களாயின. நின்றால் ஓடையில் தண்ணீர் மொண்டு வர வேண்டியது; சாக்கை நனைத்துப் போட வேண்டியது; உட்கார வேண்டியது. பர்லியாரில் மங்குஸ்தான் விற்கிறவர்கள் எங்களுக்குச் சிநேகிதர்களானார்கள். குரங்குகளும் முதலில் ஆர்வத்தோடு வந்து பார்த்தன. மேலே போகும் வண்டியில் பிண்ணாக்கைத் தவிர வேறொன்றும் இராது என்று கண்டுகொண்டபின் எங்களை அலட்சியம் செய்யத் தலைப்பட்டன. பள்ளத்தாக்குக்கு அந்தப் புறத்திலிருந்து ரயிலின் கூவல் கேட்கும். 1899-ல் குன்னூர் வரைக்கும் போட்ட அந்தப் பல்சக்கரப் பாதையில், 12.5 அடிக்கு 1 அடி வீதம் ஏறுகிற எஞ்சின், ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவதை நினைத்து நான் ஆறுதல் அடைவதுண்டு. அதுவும் நிற்கிறது, நாமும் நிற்கிறோம். அது கால அட்டவணைப்படி நிற்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஈரச் சாக்கின் மகிமையில் எனக்கிருந்த பக்தி பிப்ரவரி மாதத்தில் ஒரு விடியற்காலையில் கலைந்தது. தோட்டத்திலிருந்து புறப்பட்டு இரண்டு மைல்கூட வரவில்லை, பாதை இறக்கம், மூடுபனியில் கைவிரல் மரத்துப்போகிறது, எஞ்சின் இன்னும் சரியாகச் சூடேறவில்லை. வண்டி அதே இரண்டு விக்கல் விக்கிவிட்டு நின்றது. பம்பைத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. அதன்மேல் ஈரச் சாக்கைப் போடுவதற்கு வெட்கமாக இருந்ததால் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷத்தில் கிளம்பிற்று.

அப்படியானால் இத்தனை நாள் வண்டியைக் கிளப்பியது சாக்கா, இருபது நிமிஷமா? இந்தக் கேள்வி அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. காற்றடைப்பு இல்லை என்றால் வேறு எது என்று தேடுவதிலேயே புத்தி போயிற்று.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர்கள் வாலிபர்கள், சுறுசுறுப்பானவர்கள். சூடேறினால் காயில் செத்துவிடும், ஆறினால் உயிர் பெறும் என்றார்கள். அதுவும் உண்மையாக நடக்கக்கூடியதுதான். காயில், கண்டென்சர், பாயிண்ட், நாலு பிளக், பிளக் கம்பிகள் அத்தனையும் மாற்றினார்கள். வண்டி பதினாறு நாள் குதிரை போல ஓடிற்று. பதினேழாம் நாள் நின்றது. திரும்பக் கொண்டுபோனோம். இந்த முறை கார்புரேட்டரை அவிழ்த்துப் பழைய தினசரித் தாளின்மேல் பரப்பினார்கள். மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்து ஈயம் வைத்தார்கள். இருந்தது மெய்தான், நானே வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருவதைப் பார்த்தேன். பம்பின் டயாப்ரத்தையும் மாற்றினார்கள். பம்பைக் கழற்றினபோது டாங்கிலிருந்து வரும் குழாயை வாயில் வைத்து 'பூ' என்று ஊதி, டாங்குக்குள் களகளவென்று சப்தம் கேட்கிறதா என்று பார்த்து, கேட்கவே திருப்தியடைந்து மாட்டினார்கள். பன்னிரண்டு நாள்.

டாங்கின் மூடியில் காற்று போகும் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது என்று ஒரு சிநேகிதர் சொன்னார். மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, பெட்ரோல் வாடையில் தலைசுற்ற, ஒரு வாரம் ஓட்டினோம். மூடி தளர்ந்திருக்கும்போதே நின்றது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார் இன்னொருவர். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கறை வைக்காமல் உலர்ந்துபோயிற்று. ஒரு ஜோசியரைத் தவிர மற்ற எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்டாயிற்று; வண்டியின் ஜாதகம் கிடைத்திருந்தால் அதையும் செய்திருப்பேன்.

விசேஷம் என்னவென்றால், இந்த வைத்தியங்கள் யாவும் பலித்தன என்பதுதான். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வண்டி சில நாள் ஓடிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள்; சமஸ்கிருதத்தில் இதைக் காகதாலீய நியாயம் என்பார்கள். எங்கள் மரத்தில் உட்கார்ந்த காக்கைகள் அரை டஜன். ஒவ்வொரு காக்கைக்கும் ஒரு பழம் விழுந்தது. பழம் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு காக்கையின் பராக்கிரமத்தைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

மேட்டுப்பாளையத்தில், மண்டித் தெருவுக்குப் பின்னால், தகரக் கொட்டகை ஒன்றில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரைப் பற்றி டிரைவர்தான் சொன்னார். யுத்த காலத்தில் ராணுவ வண்டிகளில் தொழில் பழகியவர்; ஐம்பதைத் தாண்டிய வயது; பேச்சு குறைவு. நான் என் சரித்திரம் முழுவதையும், மாற்றிய சாமான்களின் ஜாபிதாவோடு, அரை மணி நேரம் சொல்லி முடித்தேன். அவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"இப்ப வண்டி ஓடுதுங்களா?"

"ஓடுகிறது, பாய்."

"ஓடற வண்டியில நான் என்னத்தைங்க பார்க்கறது? நிக்கும்போது கூப்பிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. வண்டி நிற்பது மலையில். அவர் இருப்பது அடிவாரத்தில். நின்ற இடத்திலிருந்து ஆள் அனுப்பி அவர் வந்து சேருவதற்குள் இருபது நிமிஷம் கடந்து வண்டி தானே கிளம்பிவிடும். இதைச் சொன்னதும், அவர் சற்று யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு தாமே வண்டியில் வருவதாகவும், நிற்கிற வரைக்கும் ஏறி இறங்குவோம் என்றும் சொன்னார். அப்புறம், சம்பந்தமில்லாதது போல ஒரு கேள்வி கேட்டார்: "பெட்ரோல் எப்பெப்பப் போடறீங்க?"

வண்டி நின்ற நாள், இடம், நேரம், வெயிலா மழையா, ஏற்றமா இறக்கமா என்று நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வெகு சிரத்தையாகக் குறித்து வந்திருந்தேன். பெட்ரோல் வாங்கிய கணக்கும் அதே நோட்டில்தான் இருந்தது; ஆனால் பின்பக்கத்திலிருந்து, செலவு என்ற தலைப்பில். அன்று இரவு, பாயின் கேள்வி மனத்தை உறுத்த, விளக்கின் முன் உட்கார்ந்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். பத்தொன்பது தடவை நின்றிருந்தது; அவற்றில் பதினேழு, பெட்ரோல் ஊற்றுவதற்கு முந்திய இரண்டொரு நாட்களில். டாங்கு நிறைந்திருந்த நாளில் வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை. பெட்ரோல் முள் வேலை செய்யாத வண்டி அது. குச்சியை விட்டு அளந்து பார்க்கும் வழக்கம். தீர்ந்துபோய் நின்றது ஒருநாளும் இல்லை, எப்பொழுதும் நாலைந்து விரல்கடை இருக்கும். அதனால்தான் அந்தத் திசையில் நான் பார்க்கவே இல்லை. ஒரு வருஷமாகத் தேடின விடை, நான் எழுதின நோட்டிலேயே, நான் புரட்டாத பக்கத்தில் இருந்தது என்பதை நினைக்க நினைக்க அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் வந்தார். ஒரு கித்தான் பை. அதற்குள் அடியில் குழாய்முனை வைத்துப் பற்றவைத்த ஒரு லிட்டர் டப்பா, இரண்டு முழ ரப்பர்க் குழாய், நாலைந்து ஸ்பானர். டாங்கில் வேண்டுமென்றே குறைவாகத்தான் பெட்ரோல் வைத்திருந்தோம். குன்னூர் வரைக்கும் ஏறினோம், வண்டி நிற்கவில்லை. இறங்கினோம், நிற்கவில்லை. வைத்தியர் வீட்டு வாசற்படியை மிதித்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுப்போகும் என்று தாய்மார்கள் சொல்லுவார்களே, அதே கதை. டிரைவர், வண்டி நல்லபடியாக ஓடுவதற்காக மன்னிப்புக் கேட்கிற தோரணையில், பாயை அடிக்கடி திரும்பிப் பார்த்தார். இரண்டாம் முறை ஏறுகையில், ஒன்பதாவது வளைவில், பொழுது சாயும் நேரத்தில், இரண்டு விக்கல். நின்றது. என் ஆயுளில் ஒரு வண்டி நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் பாய். கிளீனர் பழக்க தோஷத்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையைப் பார்க்க நடந்தவன், பாதியில் நின்றான்.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுக் கம்பியை எடுத்து எஞ்சினுக்குக் கால் அங்குல தூரத்தில் பிடித்துக்கொண்டு, செல்பை அழுத்தச் சொன்னார். கொழுத்த நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தது. "கரண்டு இருக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக் என்று நான் கொடுத்த பணம் முழுவதும் கரைந்தது. அடுத்து கார்புரேட்டரின் வாயைத் திறந்து, உள்ளே பார்த்தபடி ஆக்ஸிலரேட்டரைக் கையால் அசைத்தார். பெட்ரோல் பீச்ச வேண்டிய இடத்தில் ஒரு துளியும் வரவில்லை, கார்புரேட்டர் வறண்டிருந்தது. பம்பின் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தை விளக்கடித்துப் பார்த்தார். அடியில் சிறிது பெட்ரோல், குமிழி இல்லை. குழாயில் எங்கேனும் வெடிப்பு இருந்தால், அது உறிஞ்சுகிற பக்கமாகையால், பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும், கிண்ணத்தில் குமிழி காட்டும் என்று எனக்காக ஒரு முறை விளக்கினார். பிறகு டாங்கிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, பம்பின் வாயில் கட்டை விரலை வைத்து அடைத்துக்கொண்டு, அதன் கைப்பிடியை நாலு தடவை அசைத்தார். விரலைப் பம்பு கவ்விப் பிடித்தது. "பம்பு நல்லாயிருக்குது."

ஒவ்வொன்றையும் அவர் செய்த நிதானம் என்னைத் தவிக்க வைத்தது. இருபது நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறதே, வண்டி தானாகக் குணமாகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பதைப்பு. அவருக்கு அது இல்லை. டப்பாவில் பெட்ரோல் ஊற்றிப் பானெட்டின் கொக்கியில் தொங்கவிட்டு, ரப்பர்க் குழாயை நேரே கார்புரேட்டருக்குக் கொடுத்தார். செல்பைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது; தடங்கலில்லாமல் ஓடிற்று. டப்பாவைப் பம்பின் வாய்க்கு மாற்றினார், அப்பொழுதும் ஓடிற்று. ஆக, பம்பிலிருந்து முன்னே உள்ளது யாவும் ஆரோக்கியம். நோய் பின்னே இருக்கிறது: குழாயிலோ டாங்கிலோ.

இந்த இடத்தில் நான் கண்ட மெக்கானிக்குகள் எல்லாரும் குழாயை வாயில் வைத்து ஊதினார்கள். பாய் ஊதவில்லை. குழாயின் நுனியை நாக்கில் வைத்து, குழந்தை பால் குடிப்பது போல, மெல்ல உறிஞ்சினார். குழாய் அவர் நாக்கைப் பிடித்துக்கொண்டது; பெட்ரோல் வரவில்லை. விட்டுவிட்டு, ஆசனத்தின் மெத்தையைத் தூக்கி, டாங்கின்மேல் காதை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு மறுபடி உறிஞ்சினார். வாய் நிறையப் பெட்ரோல் வந்தது, துப்பினார்.

"உள்ள என்னமோ கிடக்குதுங்க. எஞ்சின் இழுக்கையில அது வந்து குழாய் வாயில ஒட்டிக்குது. நின்னாப் பிடிப்பு விட்டு, தானா விழுந்துருது. ஊதினாத் தூரப் போயிரும். திரும்பி வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்."

ஈரச் சாக்கு ஏன் பலித்தது, கோயம்புத்தூரில் மாற்றிய சாமான்களெல்லாம் ஏன் பலித்தன, டாங்கு நிறைந்திருந்தால் ஏன் நிற்பதில்லை என்பவையெல்லாம் வளைவின் மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. சாக்கு நனைகிற நேரத்தில் அது விழுந்திருக்கிறது. எந்தச் சாமானை மாற்றினாலும் இடையில் யாரோ ஒருவர் குழாயை ஊதியிருக்கிறார். டாங்கு நிறைந்திருக்கையில் பெட்ரோல் கனத்து அசையாமல் நிற்கும். குறைந்திருக்கையில் ஒவ்வொரு வளைவிலும் அலை புரண்டு, அடியில் கிடப்பதைக் குழாய் வாய்க்குத் தள்ளிக்கொண்டு வரும்.

மறுநாள் காலை தகரக் கொட்டகையில் டாங்கை வடித்தார்கள். டாங்கின் மேல்முகத்தில் முள்ளுக்கான மிதவை பொருத்திய வட்டத் தகட்டின் திருகுகளைக் கழற்றி, பாய் உள்ளே ஒரு குடைக்கம்பியை விட்டார். கம்பியின் நுனி கொக்கியாக வளைந்திருந்தது. மூன்றாம் தடவையில் எதுவோ சிக்கிற்று. வழுவழுவென்று, பழுப்பேறி, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு துணி வெளியே வந்தது.

பாய் அதைப் பிழிந்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். அதன் ஒரு பக்கத்தில், பெட்ரோலில் எத்தனை காலம் ஊறியும் சாயம் போகாத ஒரு பச்சைக் கரை தெரிந்தது.

அந்தக் கரையை நான் அறிவேன். தோட்டம் குன்னூரிலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே இருந்தபடியால் பெட்ரோலைத் தகர டின்களில் வாங்கி வந்து வைத்திருப்போம். மூடுபனிக் காலத்தில் டின்னுக்குள் துருவும் நீர்த்துளியும் சேரும். அந்த அழுக்கு டாங்குக்குள் போய்விடக் கூடாது என்று, என் வேட்டி ஒன்றைக் கிழித்து, புனலின்மேல் இரண்டு மடிப்பாகப் போட்டு வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும் என்பது நான் இட்ட கட்டளை. டிரைவர் ஆகாயத்தைப் பார்த்தார். போன ஐப்பசி மழையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது துணி ஒன்று காணாமற் போனதாகவும், காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று தாம் நினைத்ததாகவும், வேறொரு துண்டைக் கிழித்துப் போட்டுக்கொண்டதாகவும் மெதுவாகச் சொன்னார்.

"வடிகட்டித்தான் ஊத்துவீங்களா?" என்று கேட்டார் பாய்.

"ஆமாம்."

"நல்லா வடிகட்டியிருக்கீங்க."

அவர் கேட்ட கூலி, இரண்டு நாளுக்கும் சேர்த்து, பன்னிரண்டு ரூபாய். கொடுத்தேன். டாங்கைக் கழுவி, தகட்டை மாட்டி, மெத்தையைப் போட்டபின், பாய் அந்தத் துணியை மண்ணெண்ணெயில் ஒரு முறை அலசி, இரண்டு கைகளையும் அதில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"நல்ல துணிங்க. உங்களுக்கு வேணுங்களா?"

வேண்டாம் என்றேன். நாலாக மடித்துக் கித்தான் பைக்குள் வைத்துக்கொண்டார்.